தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது கடைசியாகச் சொன்ன சொல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பொங்கலுக்கு லீவு கிடைக்கும் போலிருக்கிறது என்றாய். அதற்கப்புறம் “வரேன்மா” என்றாயா, “வரோம்மா” என்றாயா? அந்த நேரம் பார்த்து நம் தெரு முனையில் ஷிப்ட் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு திரும்பியது. இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தெளிவாக “வரேன்” என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது. வரேன் என்றால் நீ மட்டும். வரோம் என்றால் ரேவதியும். என் மருமகள் இந்த வீட்டுப் படியேறுவதும் ஏறாததும் இரண்டு எழுத்தில் நிற்கிறது. கேட்காமலே போனை வைத்துவிட்டு, கேட்காததையே நினைத்துக்கொண்டு இந்த வாரம் முழுக்க இருக்கிறேன்.

அதே போனில்தான் நீ சாஸ் கேட்டாய். “அம்மா, அந்தச் செவப்பு சாஸ் எப்படிப் பண்றது? ரேவதி கேட்டா.” சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொண்டாய். “கேக்கலம்மா. இங்க கடையில வாங்குனத ஒரு வாய் வெச்சுட்டு, அத்த பண்றது மாதிரி இல்லன்னா. அவ்ளோதான் சொன்னா.” அவ்வளவுதான் என்று நீ சொன்னது எனக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியாது. நீங்கள் பூனாவுக்குப் போன பிறகு அவள் என்னைப் பற்றிப் பேசியதாக உன் வாயால் நான் கேட்ட முதல் பேச்சு அது. போனில் சொன்னால் பாதி கேட்பாய், பாதி மறப்பாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். சாமி புத்தகங்களையும் வாரப் பத்திரிகைகளையும் எழுத்துக் கூட்டிப் படித்து வந்த தமிழ் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் மிளகாய். நிறத்துக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்று இரண்டு வகை வேண்டும். தோல் சுருங்கின நீள மிளகாய், இங்கே கர்நாடகாக்காரர்கள் பியாடிகி என்று விற்கிறார்களே, அது பத்து. குண்டு மிளகாய் நான்கு. அங்கே பியாடிகி கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய் என்று கேட்டு வாங்கு. காம்பு கிள்ளி, விதையில் பாதியை உதறிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி வை. ஊறியதும் இரண்டு தக்காளி, பன்னிரண்டு பல் பூண்டு சேர்த்து அதே தண்ணீரில் வேகவிடு. பூண்டை எண்ணிப் போடுவது நான்தான். ரேவதி கையில் வந்ததைப் போடுவாள். “எண்ணிப் போட்டா வாசன கூடுதலா வருமா அத்த?” என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்திருக்கிறாள். எண்ணாமல் எனக்கு எதுவும் ஓடாது என்று உனக்குத் தெரியும். பால் கணக்கும் கேஸ் கணக்கும் எழுதி எழுதிப் பழகின கை.

உனக்குத் தெரிந்த கதைதான் இனிமேல் நான் சொல்வது. ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. நீ ரேவதியைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது போச்சம்பள்ளியிலிருந்து உன் மாமா போன் செய்து, “பொண்ணு யாரு எவருன்னு விசாரிச்சியா?” என்று கேட்டார். விசாரிக்க என்ன இருக்கிறது. சாமல்பட்டிப் பக்கம், தலைமுறையாக அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். என் பிறந்த வீடு அப்படி ஆள் வைத்து வேலை வாங்கிய வீடு. மாமா கேட்டது அதைத்தான். உன் அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, “மச்சான், பொண்ணு செல்போன் கம்பெனியில லைன் லீடரு. எம்பையனவிட சம்பளம் ஜாஸ்தி. விசாரிச்சாச்சு,” என்று சொல்லி வைத்துவிட்டார். மாமா அன்றிலிருந்து பேசுவதில்லை. மலைக்கோயிலில் உங்கள் கல்யாணம் நடந்தபோது என் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரவில்லை. அன்றைக்கு நான் அழவில்லை. நான் பெரிய மனசுக்காரி என்று எனக்குள் ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் பிறகு என் கண்ணை மறைத்தது.

அவள் வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோமோ செய்தாளே, ஞாபகம் இருக்கிறதா. ஆஸ்டலில் கூட இருந்த அஸ்ஸாம் பெண்களிடம் கற்றுக்கொண்டது என்றாள். உன் அப்பா ஆவி பறக்கிற தட்டைப் பார்த்துவிட்டு, “இதென்னம்மா, புள்ளையாருக்கு வெக்கற கொழுக்கட்டைய வடநாட்டுக்கு அனுப்பி, கொசுவம் வெச்சுக் கூட்டியாந்த மாதிரி இருக்குது,” என்றார். ரேவதி சிரித்ததில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அதற்குத் தொட்டுக்கொள்ளத்தான் இந்தச் சாஸ். அரைத்த மிளகாய் விழுதைக் கடையில் வாங்கின மயோனைசில் கலப்பாள். கடை மயோனைசில் முட்டை உண்டு. நீ சின்னப் பிள்ளையாகக் காய்ச்சலில் கிடந்தபோது பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு நான் கறியும் முட்டையும் விட்டவள். அவள் அதை மறக்கவில்லை. அடுத்த வாரமே மிக்சி ஜாரை எடுத்து வைத்துக்கொண்டு, “அத்த, பால்ல பண்ணிப் பாக்கலாமா? அப்ப நீங்களும் தொட்டுக்கலாம்,” என்றாள். எனக்காக ஒருத்தி அடுப்பங்கரையில் யோசித்து நின்றது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எழுதும்போதே கண் கலங்குகிறது.

பால் விஷயம் அவளுக்குக் கைகூடவில்லை. தண்ணீராகவே ஓடியது. எனக்குத்தான் பிடிபட்டது. காய்ச்சி ஆறின பால் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். சின்ன ஜாரில் அரை டம்ளர் பால், அரை ஸ்பூன் கடுகுத் தூள், ஒரு ஸ்பூன் சர்க்கரை. அதை ஓட்டிவிட்டு, ஒரு டம்ளர் சூரியகாந்தி எண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கொண்டே விட்டு விட்டு ஓட்டு. அவசரப்பட்டு ஊற்றினால் சேராது. எண்ணெய் முக்கால்வாசி போன பிறகு ஜாரில் சத்தம் மாறும். கர்ரென்று ஓடினது குப் குப்பென்று அடங்கும். அப்போது அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து இன்னொரு சுற்று. கடலை எண்ணெய் மட்டும் வேண்டாம். முதல் தடவை அதில் செய்துவிட்டு உன் அப்பாவிடம் நீட்டினேன். நக்கிப் பார்த்துவிட்டு, “லேத்துக்குப் போடற கிரீசு மாதிரி இருக்குது. ஆனா கிரீசு இவ்ளோ வாசனையா இருக்காது,” என்றார். சூரியகாந்தி எண்ணெயில் சரியாக வந்த அன்று ரேவதி விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, “என்னவிட நல்லாப் பண்றீங்க அத்த. இனிமே இது உங்க வேல,” என்றாள். அதிலிருந்து அது அத்தை செய்கிற சாஸ் ஆனது.

இப்போது, பால் சாஸ் சரியாக வந்த பிறகு அவள் காய் வைத்துச் செய்த மோமோ தட்டுக்கு வருகிறேன். நீங்கள் மூன்று பேரும் கீழே பேப்பர் விரித்து உட்கார்ந்து நடுவில் ஒரே கிண்ணம் வைத்துக்கொண்டீர்கள். கடிப்பது, தொடுவது, மறுபடி கடிப்பது, மறுபடி தொடுவது. எனக்கு உடம்பு கூசியது. வாய் வைத்ததைப் பொதுவில் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கட்டின புருஷன் டம்ளரிலும் நான் வாய் வைத்ததில்லை. பெற்ற பிள்ளை உன் தட்டில் மிஞ்சினதையும் சாப்பிட்டதில்லை. அன்றைக்கு எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்துக்கொண்டு அடுப்பு மேடை ஓரமாக நின்று சாப்பிட்டேன். “உங்க அத்த இப்படித்தாம்மா. சாப்பாட்டுக்குள்ளயும் செருப்பக் கழட்டிட்டுத்தான் போவா,” என்று உன் அப்பா அவளிடம் சொன்னார். அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்கத்தான் செய்தாள்.

உன் காதுகுத்துக்கு வந்த பாத்திரத்தில் மூன்று சின்னக் கிண்ணங்கள் உண்டு, உனக்குத் தெரியும். அப்பா பெயர், என் பெயர், உன் பெயர் வெட்டினது. ரேவதிக்கு இல்லை. எல்லோருக்கும் தனித்தனியாக வைத்தால் எச்சில் பிரச்சினையும் தீரும், அவளுக்கும் இந்த வீட்டில் பெயர் சொல்லி ஒரு பாத்திரம் ஆகும் என்று நினைத்துக்கொண்டு ஓசூர் பஜாரில் பாத்திரக் கடைக்குப் போனேன். பெயர் வெட்டுகிறவர் கன்னடக்காரர். “ஹெசரு ஏனம்மா?” என்றார். பெயரைச் சொன்னேன். “சொசெயா?” என்றார். ஆமாங்க, மருமகதான் என்றேன். “மருமக பேரு வெட்டறீங்களா, அப்ப லட்சுமி வந்த மாதிரி. பக்கத்துல ஒரு பூ போடறேன், அது சும்மா,” என்று மிஷினை வைத்துக் கிர்ரென்று போட்டுத் தந்தார். வழியெல்லாம் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் கையில் கொடுத்தபோது நான் சொன்ன சொல் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. “இந்தா ரேவதி. இது உன்னோடது. இனிமே இதுலயே சாப்புடு.” அவள் திருப்பிப் பார்த்தாள். பூவை விரலால் தடவினாள். “எனக்கு மட்டுமா அத்த?” என்றாள். நான் பெருமையாக, “ஆமா, உனக்கு மட்டுந்தான்,” என்றேன். வேறு யாரும் இதைத் தொட மாட்டோம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது அவள் காதில் என்னவாக விழுந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, பிள்ளைக்குக் கொலுசு போட்ட மாதிரி நான் சந்தோஷமாக இருந்தேன்.

பழைய கிண்ணங்கள் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். புதியது வேறு கடை, வேறு அளவு. வாய் அகலம். அடுக்கில் சேரவில்லை. நான் அதைக் கழுவி, அடுப்பங்கரைச் சன்னல் திட்டில் வைத்துப் பழகினேன். அளவு சேராததால் வைத்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மையும்கூட. ஆனால் மற்ற மூன்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்திருக்கலாமே என்று நேற்று சாமி விளக்கை ஏற்றும்போது ஒரு கேள்வி வந்தது.

மாங்காய்ப் பருவம் முடிகிற சமயம் ரேவதியின் அம்மா வந்தார். ஒரு பை நிறையப் புளி கொண்டுவந்தார், கொட்டை எடுத்து நார் எடுத்துச் சுத்தம் செய்தது. நாற்காலியில் உட்காருங்கள் அண்ணி என்று நான் எவ்வளவோ சொல்லியும் அடுப்பங்கரை வாசற்படிப் பக்கம் கீழேதான் உட்கார்ந்தார். நான் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா,” என்றார். நான் கையிலிருந்த மாவைக் கழுவுவதற்குள் அவரே எழுந்து, சன்னலிலிருந்த அந்தக் கிண்ணத்தை எடுத்து நீட்டினார். “இதுலயே ஊத்துங்கம்மா, போதும்.” மகள் பெயரைப் பார்த்து ஆசையாக எடுக்கிறார் என்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே ஊற்றினேன். நிமிர்ந்தபோது கதவோரம் ரேவதி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள் அம்மா கையிலிருந்த கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு எனக்குப் பொருள் விளங்கவில்லை. பஜ்ஜி கருகுகிறதே என்றுதான் அப்போது என் கவலை.

அதற்கப்புறம் அவள் சாஸைத் தொடவில்லை. வயிறு சரியில்லை அத்த என்றாள், பிறகு ஷிப்ட் மாறிவிட்டது என்றாள். பிறகு நீ வந்து கம்பெனிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாய். அவள் தன் துணிமணி எல்லாம் எடுத்துப் போனாள். கிண்ணம் சன்னலில் கவிழ்த்தபடி இருந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நீங்கள் வேலை மாறிப் பூனாவுக்குக் கிளம்பின அன்று வண்டி வாசலில் நின்றது. நீ உள்ளே வந்து சாமி கும்பிட்டாய். அவள் கேட்டுக்கு வெளியே நின்றபடி, “கெளம்பறோம் அத்த,” என்றாள். நம் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் வரேன் என்றுதான் சொல்வது. பால்காரர்கூட வரேம்மா என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவளும் கட்டி வந்த நாளிலிருந்து, கடைக்குப் போனால்கூட அப்படித்தான் சொல்வாள். அன்றைக்குச் சொல்லவில்லை. வேண்டுமென்றே தேடிப் பிடித்து வேறு சொல்லைச் சொன்னாள். வண்டி திரும்பி மறைந்த பிறகும் நான் அந்தச் சொல்லோடு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா, பிள்ளை தூரமாகப் போகிறான் என்ற துக்கம் என்று நினைத்து என் முதுகைத் தடவினாள்.

மிளகாய் விழுதை நான் பாதியில் விட்டுவிட்டேன். ஆறவைத்து மையாக அரைத்ததை, வாணலியில் மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சின்னத் தீயில் வதக்கு. பச்சை வாசனை போய், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வர வேண்டும். அந்த நேரத்தில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்று. இது ரேவதி சொன்னதும் இல்லை, பழைய முறையும் இல்லை. அவள் அம்மா கொடுத்த புளியை என்ன செய்வது என்று தெரியாமல், நீங்கள் போன பிறகு நான் சேர்த்துப் பார்த்தது. பாலின் திகட்டலை அது வெட்டுகிறது. அவளுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அங்கே உங்களிடமும் அதே புளி ஒரு டப்பாவில் இருக்கும், உன் மாமியார் நீங்கள் கிளம்பும்போது கட்டிக் கொடுத்தாராமே.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் சாமல்பட்டிக்குப் போயிருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. மகள் தூரதேசம் போய்விட்டாள், அவர் தனியாக இருப்பாரே என்று ஒரு சனிக்கிழமை கிருஷ்ணகிரி போய் பஸ் மாறிப் போனேன். அவர் புளி தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்து, “என்னாத்துக்கும்மா இவ்ளோ தூரம் வெயில்ல? சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல,” என்றார். சாப்பிடச் சொன்னார். சனிக்கிழமை, பெருமாளுக்கு விரதம் என்றேன். “தெரியுங்கம்மா,” என்றார். அதை அவர் சொன்ன விதம், கண்ணு, இத்தனை வயதில் அவரிடம் எத்தனை பேர் எத்தனை விரதம் சொல்லியிருப்பார்களோ என்று எனக்குப் பட்டது. என் விரதம் நிஜம். உனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், பெருமாளுக்குத் தெரியும். அந்த வாசலில் அதை நிஜம் என்று காட்ட எனக்கு வழி இல்லை.

அவர் விடுவிடென்று கடைக்குப் போய் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டில் வாங்கி வந்தார். கையில் கொடுக்காமல் எனக்குப் பக்கத்தில் வைத்தார். “மூடி தொறக்கலைங்கம்மா. கடையில குடுத்தது அப்படியே இருக்குது. நீங்களே தொறந்துக்குங்க.” அப்போதுதான் எனக்கு முதலில் உறைக்க ஆரம்பித்தது. தண்ணீர் போதும் அண்ணி என்றேன். உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஸ்டிக்கர் கிழிக்காத டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்தார். “இது யாரும் பொழங்காததுங்கம்மா. கண்ணாலத்துக்கு வந்தது.” நான் அந்த டம்ளரைப் பார்த்தேன். என் சன்னல் திட்டு ஞாபகம் வந்தது. “அன்னைக்கு எங்க ஊட்டுல அந்தக் கிண்ணத்த எடுத்தீங்களே அண்ணி, ரேவதி பேரப் பாத்துத்தானே எடுத்தீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “பேரா? எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. அது ஒண்ணு மட்டும் தனியா இருந்துது. அப்ப நம்மளுதுன்னு எடுத்தேன்.”

பூப் போட்டுப் பெயர் வெட்டி நான் கொண்டுவந்ததை, பெயர் தெரியாமலே அவர் தன்னுடையது என்று கண்டுகொண்டார். ரேவதி கதவோரம் நின்று பார்த்தது அதைத்தான்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. “நீங்க குடிக்கற சொம்புலயே குடுங்க அண்ணி,” என்றேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். நான் வாங்கினேன். வாங்கின கை, கண்ணு, தானாக மேலே போனது. உதடு படாமல் அண்ணாந்து குடித்தேன். எங்கும் எப்போதும் குடிக்கிற மாதிரியே குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று புரிந்து, சொம்பு அப்படியே நின்றது. தண்ணீர் கழுத்தில் வழிந்தது. அவர் முந்தானையால் துடைக்க வந்து, துடைக்காமல் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நாங்களும் அண்ணாந்துதாங்கம்மா குடிப்போம். எச்சி எல்லாருக்கும் எச்சிதான். அதுக்கு ஏன் மூஞ்சி மாறிப்போச்சு? நாங்க வேலைக்குப் போன எடத்துல சொம்பே கையில வராது. ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சா மேல இருந்து ஊத்துவாங்க. எச்சி கழுவுனா போயிடும். அது கழுவிப் போகல.”

என் பிறந்த வீட்டில் களை எடுக்க வருகிறவர்களுக்கு மேலேயிருந்து ஊற்றினவர்களில் நானும் ஒருத்தி. பாவாடை கட்டின வயது. சிந்தாமல் ஊற்றுகிறாள் என்று பாராட்டுவார்கள். நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்தான் எனக்குச் சமாதானம் சொல்லியிருப்பார். அதுவும் வேண்டாம் என்று இருந்தது. பாட்டிலைத் திறக்காமல் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் உன் அப்பா, “சம்பந்தி குடுத்துதா? குடு,” என்று மூடியைத் திருகி, வாய் வைத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏப்பம் விட்டார். அவருக்கு அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ இதைப் படித்துவிட்டு அவளிடம் போய், அம்மா அந்த எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்காக வாதாடாதே. உன்னிடம் நான் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான். எண்ணம் என்னிடம் இருந்தது, அடி அவள் மேல் விழுந்தது. என் எச்சில் எங்கே முடிகிறது, மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஐம்பத்தேழு வயதில் சாமி முன்னால் உட்கார்ந்து அதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன், உன் மாமியார் புளியில் நார் பிரிக்கிற மாதிரி. முழுக்கப் பிரிந்து வரவில்லை. எனக்காகப் பேசி உங்கள் இருவருக்குள் ஒரு சண்டை வேண்டாம். அவள் கோபமாக இருக்கிறாள் என்றால் அவள் பக்கத்தில் இரு. நானும் உன் அப்பாவும் இரண்டு பேர் இருக்கிறோம், சமாளித்துக்கொள்வோம்.

விழுது நன்றாக ஆறின பிறகுதான் பால் கலவையில் சேர்க்க வேண்டும். இரண்டு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு சிவப்பு. சூட்டோடு கலந்தால் திரிந்துபோய் எண்ணெய் தனியாக நிற்கும். திரிந்தால் கொட்டிவிடாதே. நான் முதலில் இரண்டு தடவை கொட்டினேன், வயிறு எரிந்தது. ஜாரைக் கழுவித் துடைத்து, குளிர்ந்த பால் இரண்டு ஸ்பூன் புதிதாக விட்டு ஓட்டு. திரிந்ததை ஸ்பூன் ஸ்பூனாக அதில் சேர்த்துக்கொண்டே வா. சேர்ந்து வரும். நேரம் பிடிக்கும், ஆனால் வரும்.

போன வாரம் செய்தேன். பஜ்ஜி போட்டு, நடுவில் ஒரே கிண்ணம் வைத்து, உன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் கடித்துத் தொட்டார். நானும் கடித்தேன், கடித்ததைத் தொட்டேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு, “ஏன்டி, உடம்புகிடம்பு சரியில்லயா?” என்றார். விழுங்க முடியாமல் விழுங்கினேன். இரண்டாவது வாய் கொஞ்சம் சுலபமாக இருந்தது. மூன்றாவதுக்கு மேல் முடியவில்லை. இவ்வளவுதான் இதுவரை என்னால் ஆனது. கூட்டிச் சொல்ல மாட்டேன். ரேவதியின் கிண்ணம் இப்போது சன்னலில் இல்லை. காலையில் விளக்கேற்றின பிறகு அதில்தான் காபி குடிக்கிறேன். வாய் வைத்துக் குடிக்கிறேன். அகல வாய், ஓரத்தில் வழிகிறது, இன்னும் பழகவில்லை.

கணக்கை வரி பிசகாமல் எழுதுகிறவள், சாமான் அளவை ஒரே இடத்தில் எழுதாமல் கடிதம் முழுக்க ஏன் இப்படி இறைத்து வைத்திருக்கிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அவளிடம் படித்துக் காட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அடுப்பு மேடையில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடு. சாஸ் செய்கிறவர்கள் மிளகாய்க்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு பக்கம், புளிக்கு ஒரு பக்கம் என்று திருப்பித்தான் ஆக வேண்டும். படிக்காமல் திருப்பினாலும் சரி.

பொங்கலுக்கு வரேனா, வரோமா என்று நான் கேட்க மாட்டேன். உன்னைக் கேட்டுச் சொல்லச் சொல்லவும் மாட்டேன். இதில் உப்பு எவ்வளவு என்று மட்டும் எங்கும் எழுதவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. அது உனக்கும் தெரியாது. வேண்டுமென்றால் அவள்தான் எனக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.

அம்மா